வருடாந்தத் திட்டமும் ஆரம்பக் கூட்டமும்

தகவல் தொழில்நுட்பக் கொள்கை எழுத உட்காருகிறவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது, எந்த அலுவலகத்தில் எந்த மூலையில் மழை ஒழுகுகிறது என்பதுதான். சேவர் எங்கே வைப்பது, வயர் எந்தச் சுவரால் போவது, எந்த மாதத்தில் எதை மேல்மாடிக்கு ஏற்றுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும். கிழக்கு மாகாணத்தில் சித்தாண்டி எங்கள் ஊர்; சித்தாண்டிக்காரனுக்கு இந்தப் புத்தி படித்து வருவதில்லை. மாரியில் முந்தனையாறு பெருகினால் ஊரின் மேற்குப் பக்கம் முழுக்கத் தண்ணீர்தான். பெருமாவெளி, ஈரளக்குளம் பக்கத்துச் சனம் படகேறித்தான் இக்கரைக்கு வரும். அப்படிப் படகேறி, பிறகு பஸ்ஸேறி, ஒரு கடதாசிக்காக வந்து நிற்பவரிடம் “இன்டைக்கு சிஸ்டம் வேலை செய்யல்ல, நாளைக்கு வாங்க” என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று கொழும்பில் இருந்து திட்டம் வரைபவருக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியாமல் போனால் அது குற்றம்.

ஒரு மாகாண அரச நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். கொள்கை, வருடாந்தத் திட்டம், அதற்கான வரவுசெலவு மதிப்பீடு மூன்றும் என் மேசையில் தொடங்கும். கணினி திருத்துகிற வேலை என்றுதான் ஊரில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். கோயில் திருவிழாவில் சந்திக்கும் மாமாமார் போனை நீட்டி “இதக் கொஞ்சம் பாரு மருமகன்” என்பார்கள். பார்த்துக் கொடுப்பதுண்டு. ஆனால் என் வேலை வேறு. எதை வாங்கக் கூடாது, எதை நிறுத்த வேண்டும், எது உடைந்தால் யார் எத்தனை மணிக்குள் எழும்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. வேலை சரியாக நடந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதில் எனக்கு ஒரு ரகசிய மகிழ்ச்சி உண்டு.

இலங்கையில் கொள்கைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1983இலேயே தேசிய கணினிக் கொள்கை வரையப்பட்டது. அடுத்த வருடம் சட்டத்தின் மூலம் சின்டெக் என்ற பேரவை வந்தது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அதன் தலைவராக நெடுங்காலம் இருந்து, கணினி என்றால் என்னவென்றே தெரியாத திணைக்களங்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் ஐ.சி.டி.ஏ. என்ற முகவர் நிலையமும், பின்னால் உலக வங்கிக் கடனோடு ‘இ-ஸ்ரீலங்கா’ திட்டமும் வந்தன. 2006இல் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், 2009இல் அரசுக்கான மின்னாளுகைக் கொள்கை. ஒவ்வொன்றும் நல்ல ஆவணம்தான், வாசித்தால் ஆசை வரும். ஆனால் அந்தப் பக்கங்களுக்கும் ஒரு கடதாசிக்காகச் செங்கலடிச் சந்தியில் பஸ் இறங்கி வருகிற ஆளுக்கும் இடையில் ஒரு நீண்ட தூரம் கிடக்கிறது. என்னைப் போன்ற நடுமட்ட உத்தியோகத்தரின் தொழில் அந்தத் தூரத்தில்தான் நடக்கிறது.

திட்டமிடல் என்றால் என்ன என்று நான் படித்தது வயல்காரரின் ஆரம்பக் கூட்டத்தில். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். குளத்துத் தண்ணீரில் வெள்ளாமை செய்கிற எங்கள் பகுதியில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் இந்தக் கூட்டம் நடக்கும். அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்குவார். நீர்ப்பாசனம், கமநல சேவை, விவசாயத் திணைக்களம், வங்கி, காப்புறுதி என்று எல்லா உத்தியோகத்தரும் முன்வரிசையில் இருப்பார்கள். எதிரே வயல்வெளிகளுக்குப் பொறுப்பான வட்டவிதானைமாரும் கமக்காரர்களும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று முதலில் சொல்லப்படும். அதன் பிறகுதான் மற்றப் பேச்செல்லாம். எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வயது நெல், வாய்க்கால் துப்புரவு எப்போது முடிய வேண்டும், விதைப்பின் கடைசி நாள், மாடுகளை வயல்வெளியிலிருந்து மேய்ச்சல் தரைக்கு ஓட்ட வேண்டிய நாள், முதல் தண்ணீர் திறக்கும் நாள், கடைசித் தண்ணீர் நிறுத்தும் நாள். முடிவுகள் எழுதப்படும். அவை சட்டப்படியே கட்டுப்படுத்தும், மீறினால் தண்டம்.

இதில் என்னைக் கவர்ந்தது, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு திகதி இருப்பதும், திகதிக்கு ஒரு பொறுப்பாளி இருப்பதும் மட்டுமல்ல. கடைசித் தண்ணீர் எப்போது நிற்கும் என்பதையும் முதல் நாளே பேசிவிடுகிறார்கள். தொழில்நுட்பத் திட்டங்களில் நான் பெரும்பாலும் காணாதது அந்தக் கடைசிப் பாதிதான். மென்பொருள் தொடங்கும் நாளுக்கு விழா உண்டு, நாடா உண்டு, படம் உண்டு. அது எப்போது ஓய்வு பெறும், அதற்குள்ளிருக்கும் தரவு எங்கே போகும், ஒப்பந்தக்காரர் போய்விட்டால் மூலநிரல் யாரிடம் இருக்கும் என்று கேட்டால் கூட்டத்தில் ஒரு சங்கடமான அமைதி வரும். என் வரைவுகளில் இப்போது எந்த முறைமைக்கும் முதல் பக்கத்திலேயே முடிவுத் திகதி போடுகிறேன். சிலருக்கு அது அபசகுனமாகப் படுகிறது. கல்யாண வீட்டில் சாவைப் பற்றிப் பேசுகிறாய் என்று ஒரு மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு கையொப்பமும் போட்டார்.

பணத்தின் விஷயம் அதைவிடப் பிடிவாதமானது. அரச கணக்கில் மூலதனச் செலவினம் ஒரு பக்கம், மீண்டெழும் செலவினம் இன்னொரு பக்கம். கணினி வாங்குவது முதலாவது. அதற்கான இணையக் கட்டணம், உரிமக் கட்டணம், யூ.பி.எஸ். பற்றரி, பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் இரண்டாவது. நன்கொடை நிறுவனங்களுக்கு முதலாவதைக் கொடுப்பதில்தான் விருப்பம். ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2009இல் போர் முடிந்த பிறகும் கிழக்கு மாகாணத்துக்கு வந்த உதவிகளில் கணினிகள் ஏராளம். அவற்றோடு மூன்றாம் வருடத்துப் பற்றரிக்கான காசு வருவது அருமை. பற்றரி செத்த யூ.பி.எஸ். ஒவ்வொரு அலுவலகத்திலும் மேசைக்கடியில் காலை வைக்கும் பலகையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். ஆகையால் என் திட்டத்தில் ஒரு விதி: ஐந்து வருடத்துக்கான மீண்டெழும் செலவை எழுதாமல் எந்தக் கொள்வனவுக்கும் நான் சிபாரிசு எழுதுவதில்லை, இலவசமாக வந்தாலும் சரி. இலவசத்தை வேண்டாம் என்று சொல்வது எங்கள் கலாசாரத்தில் மரியாதைக் குறைவு. அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

தமிழில் அலுவல் செய்கிற நிறுவனத்துக்கு இன்னொரு சுமை உண்டு. அது பாமினி. தொண்ணூறுகளில் இருந்து எங்கள் தட்டச்சாளர்கள் பாமினி எழுத்துருவில் அடித்துக் குவித்த கடிதங்கள், சுற்றறிக்கைகள், பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் திரையில் தமிழாகத் தெரியும். கணினிக்குள் அவை ஆங்கில எழுத்துக்களும் குறிகளும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத கோலமாகத் தெரியும். தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது, இன்னொரு தரவுத்தளத்தோடு ஒப்பிட முடியாது. யூனிகோடுக்கு மாறுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புவது சுலபம். அப்படி எத்தனையோ அனுப்பப்பட்டுக் கோவையில் தூங்குகின்றன. காரணம், உத்தரவு விரல்களோடு மோதியது. இருபது வருடம் பாமினி விசைப்பலகையில் பழகிய அக்காமாரிடம் போய், தர நிர்ணயம் செய்யப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகையில் நாளையிலிருந்து அடியுங்கள் என்றால், ஒரு மணி நேரக் கடிதம் ஒரு நாள் ஆகும். அவர்கள் பின்கதவால் பழையதற்கே திரும்பிப் போவார்கள். போனார்கள்.

இங்கேதான் கொள்கை வரைவது ஒரு கைவேலையாகிறது. எதைக் கட்டாயமாக்குவது, எதை விட்டுவிடுவது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்துக்குத் தேவை, கோப்பு யூனிகோடில் சேமிக்கப்படுவது. விரல் எந்த வழியால் அங்கே போகிறது என்பதில் நிறுவனத்துக்கு ஒரு அக்கறையும் தேவையில்லை. பாமினி அமைப்பிலேயே அடித்து யூனிகோடாகப் பெறும் வசதி என்.எச்.எம். ரைட்டர் போன்ற கருவிகளில் எப்போதோ இருக்கிறது. எனவே விதியை அப்படியே எழுதினோம்: சேமிப்பு யூனிகோட் மட்டும், விசைப்பலகை அவரவர் விருப்பம். தமிழ்நாட்டில் 2010இல் அரசு யூனிகோடை ஏற்றபோது அங்கேயும் விசைப்பலகை விவாதங்கள் பெரிதாக நடந்தன. நான் அந்த விவாதங்களில் கட்சி சேரவில்லை. செங்கலடி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே அவசரக் கடிதம் அடிக்கும் ஒரு அக்காவின் விரல்கள்தான் எனக்கு ஆதாரம். பழைய கோப்புகளில் எல்லாவற்றையும் மாற்றவும் முனையவில்லை. சட்டத் தேவை உள்ளவை, பெயர்ப் பட்டியல்கள், சொத்துப் பதிவுகள் மாற்றப்பட்டன. விருந்துபசார அழைப்பிதழ்கள் பாமினியிலேயே இருக்கட்டும்.

பெயர் என்றதும் அடுத்த தலைவலி. எங்கள் பகுதியில் ஒரு முதியவருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஆங்கில வழியாகத் திரிந்த இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்து மாறிய மூன்றாவது. ஒரு பெரியம்மா கவுண்டரில் நின்று “எனக்கு எத்தினை பேர் மனே இருக்கு?” என்று கேட்டாள். 2023இல் அஸ்வெசும உதவித்திட்டம் தொடங்கியபோது நாடு முழுக்க இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. அதற்குப் புள்ளி வழங்கிய முறை உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் எந்தப் பெரிய பதிவிலும் பெயரால் ஆளைப் பிடிக்கப் பார்த்தால் எங்கள் மக்கள் வழுக்கிப் போவார்கள் என்பது எனக்கு நிச்சயம்.

சரி, அடையாள அட்டை இலக்கத்தால் பிடிக்கலாமே என்பீர்கள். அதிலும் இரண்டு தலைமுறை உண்டு. பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 தொடக்கம் வருவது பன்னிரண்டு இலக்கம். முதலில் பிறந்த வருடம், அடுத்த மூன்று இலக்கம் வருடத்தில் எத்தனையாம் நாள் என்பது, பெண்ணானால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பழைய எண்ணைப் புதியதாக மாற்றக் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, முன்னால் 19 சேர்த்து, நாளுக்கும் தொடரெண்ணுக்கும் இடையில் ஒரு பூச்சியம் செருகினால் போதும். இவ்வளவு எளிய கணக்கு. ஆனால் எந்த வடிவில் சேமிப்பது என்று யாரும் எழுதி வைக்காத இடத்தில் ஒரே ஆள் இரண்டு ஆளாக உட்கார்ந்திருப்பார். நல்ல கொள்கை பல வேளை இப்படி ஒரு வரிதான்: பன்னிரண்டு இலக்கத்தில் மட்டும் சேமி, பழையதை வாங்கினாலும் உள்ளே போகும்போது மாற்று. இந்த ஒரு வரிக்காகக் கூட்டம் கூட்டமாகப் பேசியிருக்கிறோம், பேசியதெல்லாம் தகும்.

அந்த எண்ணிலேயே பிறந்த நாளும் பாலும் இருக்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே அது வெறும் எண் அல்ல, ஆளைப் பற்றிய செய்தி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, எதைச் சேகரிக்கிறோம், எதற்கு, எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று சொல்ல வேண்டிய கடமை பற்றி அலுவலகங்களில் பேச்சு வந்திருக்கிறது. எனக்கு அந்தப் பேச்சு சட்டத்தோடு தொடங்கவில்லை. எங்கள் ஊருக்கும் செங்கலடிக்கும் இடையில் வந்தாறுமூலை. அங்கே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேர் 1990 செப்டெம்பர் 5 அன்று கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் படிவத்தை நீட்டினால், பேர் எழுத முன்னால் “இது எதுக்கு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குக் கவுண்டரில் இருப்பவரால் ஒரு வசனத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுவது என்று நாங்கள் தீர்மானித்தோம். மதம், தந்தையின் தொழில், பிறந்த இடம் என்று வழக்கத்தால் கேட்டுக்கொண்டிருந்த பல கட்டங்கள் போயின. யாரும் அவற்றைத் தேடி வரவில்லை.

பட்டியலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் அலைக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வ மென்பொருளாளர்கள் சில வாரங்களுக்குள் ‘சஹானா’ என்ற திறந்த மூல முறைமையை எழுதினார்கள். காணாமல் போனவர், முகாம், நிவாரணப் பொருள் மூன்றையும் ஒரே இடத்தில் பதியும் வேலை அது. அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. கொழும்பில் எஸ்தோனியாவின் எக்ஸ்-ரோட் என்ற தரவுப் பரிமாற்ற முறை பற்றிப் படங்கள் காட்டும் ஆலோசகர்கள் சஹானாவைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை. எஸ்தோனியாவை நானும் மதிக்கிறேன். ஆனால் எங்கள் வெள்ளத்துக்கு எங்கள் ஆட்கள் எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு அங்கே போகலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் தொழிலில் நான் மிகவும் நேசிக்கிற பகுதி கேட்கச் சுவையில்லாதது: பேக்கப். அதைவிட, எடுத்த பேக்கப்பை மீட்டுப் பார்ப்பது. 2023 ஓகஸ்ட் இறுதியில் அரச மேகக் கட்டமைப்பில் பணயத் தாக்குதல் (ransomware) நடந்தது. அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை gov.lk மின்னஞ்சல்கள் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதற்குத் தப்பவில்லை. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை. மென்பொருளும் பழையது, 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்கும் யோசனை இருந்தும் நிதியால் தள்ளிப்போனதாகப் பொறுப்பானவர்களே பகிரங்கமாகச் சொன்னார்கள். திட்டமிடுகிறவன் இந்தச் செய்தியைக் குற்றம் காண்பதற்காக வாசிக்கக் கூடாது. தன் மீண்டெழும் செலவினப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். தள்ளிப்போடப்பட்ட ஒரு வரி எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நிதிக் கூட்டங்களில் இதைத்தான் எடுத்துப் போடுகிறேன்.

மின்சாரமும் அப்படித்தான். 2022இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் கிடந்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைப் பக்கம் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் புகுந்ததால் நாடு முழுக்க மின்சாரம் நின்றதாக அமைச்சரே சொன்னார். என் இடர் பட்டியலில் குரங்கு இல்லை. ‘காரணம் தெரியாத மின்தடை’ என்று ஒரு வரி உண்டு, குரங்கு அதற்குள் அடங்கும். இடர்களைக் காரணத்தால் பட்டியலிட்டால் பட்டியல் முடியாது. எது நிற்கும், நின்றால் கவுண்டரில் என்ன செய்வது என்று பட்டியலிட்டால் ஒரு பக்கத்தில் முடியும். 2022 யூலையில் வந்த எரிபொருள் கியூ.ஆர். முறை எனக்குப் பிடித்ததும் இதனால்தான். அது ஒரே ஒரு வேலையைச் செய்தது. ஸ்மார்ட் போன் இல்லாதவர் அதைக் கடதாசியில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மோட்டார் சைக்கிள் சாவியோடு கொண்டு திரிந்தார். வடிவமைத்தவர்கள் கடதாசிக்கும் இடம் விட்டிருந்தார்கள். எங்கள் சேவைகள் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு கடதாசி வழி இருக்க வேண்டும் என்று வரைவில் எழுதியபோது, டிஜிட்டல் பொருளாதாரம் வளரும் காலத்தில் இது பின்னோக்கிய சிந்தனை என்று ஒரு இளம் உத்தியோகத்தர் குறிப்புப் போட்டார். அரசின் கோவ்பே இணையவழியாகக் கட்டணம் கட்டுகிற காலத்தில் அவர் கேட்பது நியாயமான கேள்வி. மாரியில் ஒரு நாள் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குறிப்பை அவர் மீளப்பெறவில்லை, ஆனால் ஒரு திருத்தம் எழுதினார்: கடதாசியில் வாங்கியது நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் கணினிக்குப் போக வேண்டும். அவருடைய திருத்தத்தோடுதான் அந்த விதி இப்போது நிற்கிறது.

இந்த வருடத் திட்டத்தில் இழுபறி ஒன்று மிச்சம். ஒவ்வொரு வருடமும் புரட்டாதிக்குள், மழை பிடிக்க முன்னால், சேவர் செத்துவிட்டதாக வைத்துக்கொண்டு பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்கும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மேலதிக நேரப் படி, சாப்பாடு, இரவு ஜெனரேற்றருக்கு டீசல், அவ்வளவுதான் செலவு. கணக்காளர் அக்கா மதிப்பீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“நல்லாருக்கிற சாமான உடைஞ்சிட்டெண்டு நெனச்சி ஒரு நாள் வேலை செய்யிறதுக்கு நான் எந்தச் செலவுத் தலைப்பில காசு போடுற தம்பி? கணக்காய்வுக்காரன் கேட்டா என்ன சொல்ற?”

பராமரிப்பு என்றால் பழுது இருக்க வேண்டும், பழுது இல்லை. கொள்வனவு அல்ல. ஆலோசனைச் சேவையும் அல்ல. கடைசியில் பயிற்சி என்ற தலைப்பின் கீழ் போட்டிருக்கிறோம். பயிற்சிக்கு வரவுப் பதிவேடும் நிகழ்ச்சி நிரலும் வேண்டுமாம், அவற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். நிகழ்ச்சி நிரலின் முதல் விடயம்: காலை எட்டரை மணிக்குச் சேவரை நிறுத்துதல்.